தேதியைத் தொடாதே!

(பழைய மாணவர் சங்கக் கூடுதலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஹாஸ்டல் கதையெல்லாம் நாங்களே பேசிக்கிறோம், நீ பிள்ளைகளுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது சொல்லு" என்று நம் செயலாளர் கட்டளையிட்டுவிட்டார். ஆகவே கிளாஸ், ஆப்ஜெக்ட் என்ற இரண்டே இரண்டு சொற்களைப் பற்றிப் பேசப் போகிறேன். கம்ப்யூட்டர் படிக்காத நண்பர்கள் எழுந்து போய்விட வேண்டாம். விடுதி மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள் எல்லோருக்கும் இது புரியும். சாப்பிட்டுவிட்டு பில் கட்டாமல் நழுவியவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

ஏன் இந்தத் தலைப்பு? பல ஆண்டுகளாக, வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் கேள்வி கேட்கிற பக்கம் உட்காருகிறவன் நான். "கிளாஸ்னா என்ன தம்பி?" என்று கேட்பேன். "கிளாஸ் ஈஸ் எ யூசர் டிஃபைண்ட் டேட்டா டைப் சார்." "சரி, ஆப்ஜெக்ட்?" "ஆப்ஜெக்ட் ஈஸ் அன் இன்ஸ்டன்ஸ் ஆஃப் எ கிளாஸ் சார்." மூச்சு விடாமல் வரும். "நல்லது. அப்படின்னா என்ன அர்த்தம்?" என்று அடுத்துக் கேட்டால் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அந்த ஒரு வரி போதும் என்று பழக்கியிருக்கிறோம். ஆனால் நம் கல்லூரி போன்ற ஊர்ப்புறக் கல்லூரிகளிலிருந்து வருகிற நல்ல பிள்ளைகள் சரியாக அந்த இடத்தில் வேலையைக் கோட்டைவிடுவதை நான் கண்ணால் பார்க்கிறேன். அதனால்தான்.

பிளஸ் ஒன் தமிழ்வழிப் பாடநூல் கிளாஸை 'இனக்குழு' என்றும், ஆப்ஜெக்டைப் 'பொருள்' என்றும் சொல்கிறது. சொற்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் பொருள் என்றதும் மேசை, நாற்காலி என்று சும்மா கிடக்கிற சாமான்தான் மனதில் வருகிறது. ஆப்ஜெக்ட் சும்மா கிடக்கிற சாமான் இல்லை. ஆகவே இன்றைக்குப் புழக்கத்தில் உள்ள சொல்லையே வைத்துக்கொள்கிறேன். தமிழ்த் துறை நண்பர்கள் மன்னிக்க.

இதை விளக்க முறுக்கு அச்சைக் காட்டுவார்கள். அச்சு கிளாஸ், பிழிந்து வருகிற முறுக்கு ஆப்ஜெக்ட். பாதிதான் சரி. அச்சைக் கடிக்க முடியாது, முறுக்கைத்தான் கடிக்கலாம். ஒரே அச்சில் நூறு முறுக்கு பிழியலாம். இதுவரை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்ணெய்ச் சட்டியிலிருந்து வெளியே வந்த முறுக்குக்கு வேறு வேலை கிடையாது. கேள்வி கேட்டால் பதில் சொல்லாது. ஆப்ஜெக்ட் பதில் சொல்லும். தப்பான காரியம் சொன்னால் 'முடியாது' என்றும் சொல்லும். அந்த 'முடியாது'தான் விஷயமே.

மெஸ்ஸுக்கு வருவோம். நம் விடுதியில் டிவைடிங் சிஸ்டம் இருந்தது நினைவிருக்கும். மாதச் செலவு மொத்தத்தையும், எல்லோரும் சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு நாள் ரேட். ஒரு கணக்குக்கு: செலவு 1,80,000 ரூபாய், 200 பேர், 30 நாள், ஆக 6,000 சாப்பாட்டு நாள், ரேட் 30 ரூபாய். ஊருக்குப் போனவர்களுக்கு ரிடக்‌ஷன் என்று 300 நாளைக் கழித்தால் 5,700 நாள். ரேட் 31 ரூபாய் 58 காசு ஆகிவிடும். ஒருத்தன் பொய் ரிடக்‌ஷன் வாங்கினால் அத்தனை பேர் தலையிலும் விடியும்.

இப்போது 'மெஸ் கணக்கு' என்று ஒரு கிளாஸ் எழுதுகிறோம் என்று வையுங்கள். ஒரு கணக்கு என்னென்ன நினைவில் வைத்திருக்க வேண்டும்? அறை எண், சாப்பிட்ட நாள், ரிடக்‌ஷன் நாள், பாக்கி. என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும்? இன்றைய சாப்பாட்டைப் பதிவு செய்ய, ரிடக்‌ஷன் கொடுக்க, பில் போட. நினைவு, செயல் இரண்டையும் சேர்த்து எழுதி வைத்த இந்த விவரம்தான் கிளாஸ். அது வெறும் விவரம், அதற்குப் பசிக்காது. 200 பேர் சேர்ந்ததும் 200 கணக்குகள் பிறக்கின்றனவே, அவை ஆப்ஜெக்டுகள். எல்லாவற்றுக்கும் விதி ஒன்று, பாக்கி வேறு வேறு. ஒரு நாள் ரேட் மட்டும் எந்தத் தனி மாணவனுடையதும் இல்லை, எல்லோருக்கும் பொது. அதைக் கிளாஸிடமே வைத்துக்கொள்வோம். ஜாவாவிலும் சி பிளஸ் பிளஸ்ஸிலும் 'ஸ்டாடிக்' என்று போடுகிறார்களே, அது இதுதான்.

கணக்கு பிறக்கும்போதே அறை எண் வேண்டும். எண் இல்லாமல் ஒரு கணக்கைத் தொடங்கிவிட்டு, 'அப்புறம் எழுதிக்கலாம்' என்றால் அந்த 'அப்புறம்' வராது. அரைகுறையாக ஓர் ஆப்ஜெக்ட் பிறக்கவே கூடாது என்று வாசலில் நின்று பார்ப்பதுதான் கன்ஸ்ட்ரக்டரின் வேலை.

இன்னொன்று, நேர்காணலில் நான் விடாமல் கேட்பது. ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே ஊர், ஒரே பாக்கி என்று இரண்டு மாணவர்கள் இருந்தால் அவர்கள் ஒருவரா, இருவரா? இருவர்தான். விவரம் ஒத்திருப்பது வேறு, ஆளே ஒன்றாக இருப்பது வேறு. இதற்கு நேர் எதிரானதும் உண்டு. ரிஜிஸ்டரில் ஒரு பெயர், விடுதியில் ஒரு பட்டப்பெயர் என்று ஒருவனுக்கு இரண்டு பெயர் இருக்கும். எந்தப் பெயரில் பாக்கி ஏறினாலும் கட்டப் போகிறவன் அவன்தான். ஜாவாவிலோ பைத்தானிலோ ஒரு வேரியபிளை இன்னொன்றுக்கு சமமாகப் போட்டால் புது ஆப்ஜெக்ட் பிறப்பதில்லை, பழைய ஆளுக்கு இன்னொரு பட்டப்பெயர் கிடைக்கிறது, அவ்வளவுதான். சி பிளஸ் பிளஸ்ஸில் அதே மாதிரி போட்டால் விவரம் நகலாகிவிடும். இரண்டும் தனித்தனி ஆள். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

இனி அந்த 'முடியாது'. மெஸ் நோட்டு சாப்பாட்டு மேசையில் திறந்து கிடந்து, பக்கத்தில் ஒரு பென்சிலும் இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் நோட்டு மெஸ் ரெப்பிடம் இருந்தது. 'மூணு நாள் தொடர்ந்து ஊருக்குப் போனாத்தான் ரிடக்‌ஷன்' என்ற விதி அவர் தலைக்குள் இருந்தது. நாம் நோட்டைத் தொடுவதில்லை. அவரிடம் சொல்வோம், அவர் எழுதுவார் அல்லது 'முடியாது போடா' என்பார். விவரத்தை 'பிரைவேட்' என்று மறைத்து, விதியைக் காக்கும் செயல்களை மட்டும் 'பப்ளிக்' என்று திறந்து வைப்பது இதே ஏற்பாடுதான். என்கேப்சுலேஷன் என்று பெரிய பெயர் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு புலம்பல். இப்போதைய பிள்ளைகள் எல்லா விவரத்தையும் பிரைவேட் என்று போட்டுவிட்டு, உடனே ஒவ்வொன்றுக்கும் ஒரு 'கெட்டர்', ஒரு 'செட்டர்' எழுதுகிறார்கள். அவர்கள் எங்கே எழுதுகிறார்கள், ஒரு பட்டனை அழுத்தினால் அந்த மென்பொருளே எழுதித் தந்துவிடுகிறது. 'செட் பாக்கி' என்று ஒரு செயலைத் திறந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் பாக்கியைப் பூஜ்யமாக்கலாமே! கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை வாசலில் தொங்கவிட்ட கதை. கணக்கிடம் 'உன் பாக்கியை இவ்வளவாக வை' என்று சொல்லாதீர்கள். 'இவன் இன்று 500 ரூபாய் கட்டினான்' என்று நடந்ததைச் சொல்லுங்கள். பாக்கி எவ்வளவு என்று அது பார்த்துக்கொள்ளும்.

இந்த யோசனை யாருக்கு முதலில் வந்தது? நார்வேயில், ஆஸ்லோவில் உள்ள நார்வே கணிப்பு மையத்தில் வேலை பார்த்த இருவருக்கு: கிறிஸ்டன் நைகார்ட், ஓலே-யோஹான் டால். 1960-களில் அவர்களுக்கு வேண்டியிருந்தது நிஜ உலகத்தை ஒத்திகை பார்க்கிற ஒரு மொழி. வரிசை எங்கே நீளுகிறது, எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். பாலத்துச் சுங்கச்சாவடி ஒன்று அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் உண்டு. லாரி, பஸ், கார் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. எல்லாம் வாகனம்தான், வரிசையில் நிற்கத் தெரிந்தால் போதும். ஆனால் லாரிக்குச் சரக்கு உண்டு, பஸ்ஸுக்குப் பயணிகள் உண்டு. பொதுவானதை 'வாகனம்' என்று ஒருமுறை எழுதிவிட்டு, மீதியை லாரிக்கும் பஸ்ஸுக்கும் தனியாகச் சேர்த்தால் என்ன? இன்ஹெரிட்டன்ஸ் பிறந்தது இப்படித்தான். 1967-ல் சிமுலா 67 என்ற மொழி வந்தது. கிளாஸ் என்ற சொல் இன்றைய பொருளில் அதில் வந்துவிட்டது. 2001-க்கான டூரிங் விருது இருவருக்கும் கிடைத்தது. மறு ஆண்டே, ஒன்றரை மாத இடைவெளியில் இருவரும் மறைந்தார்கள்.

அந்த விதை இரண்டு பக்கம் போனது. அமெரிக்காவில் ஆலன் கே அதைப் பார்த்தார். உயிரியலும் படித்தவர் அவர். உடம்பில் ஒவ்வொரு செல்லும் தன் சுவருக்குள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு, மற்றவற்றோடு சேதி மட்டும் பரிமாறிக்கொள்கிறதே, அது மாதிரி என்று எடுத்துக்கொண்டு 1970-களில் ஸ்மால்டாக் மொழியைத் தம் குழுவோடு உருவாக்கினார். 'ஆப்ஜெக்ட் ஓரியண்டட்' என்ற பெயரே அவர் வைத்ததுதான். இன்னொரு பக்கம், டென்மார்க்கிலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் படிக்க வந்த பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரூப். தன் ஆராய்ச்சிக்கு சிமுலாவில் புரோகிராம் எழுதினார். எழுதச் சுகமாக இருந்தது, ஓட்டினால் ஆமை. பிசிபிஎல் மொழியில் திருப்பி எழுதினார். ஓட்டம் குதிரை, எழுதுவது நரகம். 1979-ல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்ததும், சி மொழியின் வேகத்தோடு சிமுலாவின் கிளாஸைச் சேர்க்கத் தொடங்கினார். 1983-ல் அதற்கு சி பிளஸ் பிளஸ் என்று பெயர் விழுந்தது. நம் மாணவர்கள் இன்றும் லேபில் மல்லுக்கட்டுவது அதோடுதான்.

இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். புத்தகத்தில் அவ்வளவாகக் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன்.

1998-ல் சென்னையில் ஒரு நிறுவனத்தில் ஒய் டூ கே வேலையில் இருந்தேன். என் வயதுக்காரர்களில் பலருக்கு வீடு கட்டிக் கொடுத்த வேலை அது. வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் புரோகிராம்கள் எங்களிடம் வந்தன, எல்லாம் கோபால் மொழியில். (கோபால் என்றதும் யாரோ நம் ஊர்க்காரர் என்று நினைக்க வேண்டாம், மொழியின் பெயரே அதுதான்.) ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதியிருந்தார்கள். 96-ல் எடுத்த பாலிசி 01-ல் முதிர்கிறது; எத்தனை ஆண்டு என்று கழித்தால் மைனஸ் 95. எழுதினவர்கள் முட்டாள்கள் இல்லை. 80 பத்தி அட்டையில் துளையிட்டு விவரம் ஏற்றிய காலம், நினைவகம் பொன் விலை. அவர்களுக்கு அந்த இரண்டு இலக்கம் சேமிப்பு.

திருத்துவது சுலபம்தானே, இரண்டை நாலாக்கினால் போச்சு என்று வெளியில் இருந்தவர்கள் நினைத்தார்கள். கஷ்டம் திருத்துவதில் இல்லை, தேடுவதில் இருந்தது. தேதியைத் தொட்ட ஒவ்வொரு புரோகிராமும் அதன் உள்ளே எட்டிப் பார்த்திருந்தது. ஒருவர் ஆறு இலக்கத்தை வெட்டி முதல் இரண்டை எடுத்துக் கழிப்பார், இன்னொருவர் கடைசி இரண்டை எடுப்பார். மாறிக்குப் பெயர் 'டிடி' என்றிருந்தாலாவது கண்டுபிடிக்கலாம்; 'ஒர்க் 3' என்றிருந்தால்? ஓரிடத்தில் ஆண்டு 99 என்றால் 'முடிவுத் தேதியே இல்லை' என்று அர்த்தம் வைத்திருந்தார்கள். எழுதினவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்; அந்த அர்த்தம் எந்தத் தாளிலும் இல்லை. 2000 லீப் வருடம் இல்லை என்று நினைத்து எழுதியவர்களும் இருந்தார்கள். நூறால் வகுபட்டால் லீப் இல்லை என்ற விதி மட்டும் தெரிந்து, நானூறால் வகுபட்டால் உண்டு என்ற விதி தெரியாதவர்கள்.

பத்துப் பன்னிரண்டு பேர் மாதக் கணக்கில் செய்த அந்த வேலையில், தேதிக் கணக்கை எல்லாம் ஒரே ஒரு துணைப் புரோகிராமில் அடைத்து வைத்திருந்த ஒரு சின்னப் பகுதியும் இருந்தது. யார் எழுதினாரோ, புண்ணியவான்! மற்ற எல்லோரும் அதைக் கூப்பிட்டு, 'இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் இடையே எத்தனை நாள்?' என்று கேட்டுக்கொண்டார்களே தவிர, இலக்கத்தைத் தொடவில்லை. அந்தப் பகுதி ஒரே மாலையில் முடிந்துவிட்டது. கிளாஸ் இல்லாத மொழியில், கிளாஸ் என்ற சொல் தெரியாத ஒருவர், கிளாஸின் தத்துவத்தைக் கடைப்பிடித்திருக்கிறார்.

இதிலிருந்து 'கிளாஸ் என்று எழுதிவிட்டால் தப்பித்தோம்' என்று நினைத்துவிடாதீர்கள். 1996-ல் வெளிவந்த ஜாவாவின் முதல் பதிப்பிலேயே 'டேட்' என்று ஒரு கிளாஸ் உண்டு. ஆண்டு என்ன என்று கேட்டால் 1900-ஐக் கழித்துக்கொண்டு சொல்லும். 2000-க்கு 100 என்று பதில் வரும். மாதம் என்ன என்றால் ஜனவரிக்குப் பூஜ்யம் என்று சொல்லும். தன் உள் விவகாரத்தைச் சபையில் சொல்கிற கிளாஸ். ஜாவாஸ்கிரிப்டும் அதே பழக்கத்தை எடுத்துக்கொண்டது. கிடைத்த எண்ணுக்கு முன்னால் 19-ஐ ஒட்டிக் காட்டிய இணையப் பக்கங்கள், 2000 ஜனவரி 1 அன்று ஆண்டை 19100 என்று காட்டின! இன்னொரு வினையும் உண்டு: அந்த டேட் ஆப்ஜெக்டை யாரிடமாவது கொடுத்தால், வாங்கினவர் அதை மாற்றிவிடலாம். நம் வேலையில் சேர்ந்த தேதியைப் பார்க்கக் கொடுத்தால், பார்த்தவர் திருத்திக் கொடுத்த மாதிரி. பட்டப்பெயர் கதை நினைவிருக்கிறதல்லவா? இரண்டு பேர் கையில் இருப்பதும் ஒரே ஆப்ஜெக்ட். 1997-லேயே அதன் பல செயல்களைப் 'பயன்படுத்த வேண்டாம்' என்று ஒதுக்கினார்கள். பிறந்தபின் மாறவே மாறாத தேதிகளோடு ஒரு முழு ஏற்பாடு ஜாவா 8-ல் வந்தபோது 2014 ஆகிவிட்டது.

எனவே தம்பி தங்கைகளே, அடுத்த முறை யாராவது 'கிளாஸ்னா என்ன?' என்று கேட்டால், அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். உங்கள் புராஜெக்டிலிருந்து ஒரு கிளாஸை எடுத்து, 'இது எதை மறைக்குது, எதை அனுமதிக்காது' என்று சொல்லிப் பாருங்கள். பிப்ரவரி 30 கொடுத்தால் உங்கள் தேதி மறுக்கிறதா? இருக்கிற ஸ்டாக்கை விட அதிகமாக விற்றால் உங்கள் கடைப் பொருள் மறுக்கிறதா? எதையுமே மறுக்காத கிளாஸ் என்றால், அது கிளாஸ் இல்லை. விவரங்களைப் போட்டு வைத்த மஞ்சப்பை. மஞ்சப்பைக்கும் உபயோகம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கிளாஸ் என்று சொல்லி என்னிடம் வராதீர்கள்.

கடைசியாக, பின்வரிசைக்கு மட்டும் ஒரு செய்தி. யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணி வைக்கின்றன. அதை 32 பிட்டில் வைத்த இடங்களில், எண்ணிக்கை 2,14,74,83,647-க்கு மேல் போக முடியாது. அந்த விநாடி வருவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அடுத்த விநாடி அந்தக் கணினிகள் 1901 டிசம்பருக்குப் போய்விடும். நாங்கள் ஒய் டூ கே சமயத்தில் பல இடங்களில் இலக்கத்தை நாலாக்காமல், '30-க்குக் கீழே இருந்தால் 2000-ம், மேலே இருந்தால் 1900-ம்' என்பது மாதிரி ஒரு கோடு போட்டுச் சமாளித்தோம். வாடிக்கையாளர் கேட்டது அதைத்தான். அப்படிப் போட்ட கோடுகளும் ஒவ்வொன்றாக முதிர்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

சி மொழியில் இந்த விநாடிக் கணக்குக்கு 'டைம் டி' என்று ஒரு தனிப் பெயர் உண்டு. கிளாஸ் கூட இல்லை, வெறும் பெயர். 2020-ல் வந்த லினக்ஸ் கெர்னல் 5.6 முதல், 32 பிட் கணினிகளிலும் அதை 64 பிட்டாக வைத்துக்கொள்ள வழி செய்துவிட்டார்கள். அந்தப் பெயரை மதித்து எழுதிய புரோகிராம்கள், மறுபடி கம்பைல் செய்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 'எல்லாம் வெறும் இன்டிஜர்தானே' என்று உள்ளே எட்டிப் பார்த்து எழுதியவற்றை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். தேடப் போகிறவர்கள் நீங்கள்தான். எங்கள் தலைமுறைக்கு அப்போது பெரும்பாலும் பென்ஷன் வயது.

செயலாளர் இரண்டாவது முறை கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டார். கேள்வி உள்ளவர்கள் சாப்பாட்டு வரிசையில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம். வரிசையை விட்டு நான் எங்கும் ஓட மாட்டேன்.